மாற்று வேட்பாளர்

சுப்புராஜின் முகத்தைச் சுருட்டி இரண்டு பேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நேற்று மதியம்தான் பஸ் ஸ்டாப்பில் கட்டிய பிளக்ஸ். அதில் கையெடுத்துக் கும்பிடும் சுப்புராஜ்தான் பனை உயரம்; மற்றவர்களெல்லாம் ஓரத்தில் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

உரக்கடையைத் திறக்க வந்த சுப்புராஜ் சாவிக்கொத்தோடு பாய்ந்தார். "ஏலே, யாரைக் கேட்டுல அவுத்தீக?"

"கச்சியில சொன்னாக அண்ணாச்சி. பிரசிடெண்டு எலெக்சனுக்கு ஆளை மாத்தியாச்சாம். சீட்டு இனிமே சுந்தரபாண்டி அண்ணன் வீட்டுக்குத்தானாம்."

சுந்தரபாண்டியா! அருப்புக்கோட்டையில் கடை வைத்துக்கொண்டு, பொங்கலுக்கும் மாசிக்களரிச் சாமி கும்பிடவும் மட்டும் ஊரில் தலை காட்டுகிற ஆள் அவன்.

ஊராட்சித் தலைவர் நாற்காலி எப்படியாவது வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று எத்தனை வருசத் தவம்! கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதையும் விடாமல் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஜீப் பிடித்து, கொட்டு வைத்து, தொண்டை கட்டப் பாதி ஊர் ஓட்டுக் கேட்டு முடித்தபிறகு ஆளை மாற்றுவதென்றால் இதென்ன பொம்மைக் கல்யாணமா? வயிறு எரிந்தது அவருக்கு.

அங்கேயே நின்று ஒன்றியச் செயலாளருக்குப் போன் போட்டார்.

"என்னங்க அநியாயம் இது? ஆளை மாத்துறதுக்கு முந்தி ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?"

"ஏன் சத்தம் போடுறீக சுப்புராஜ்? உங்க வீட்டுல பேசிட்டுத்தானே முடிவு பண்ணுனோம்?"

"எங்க வீட்டுலயா? எந்தப் பய வந்தான் எங்க வீட்டுக்கு? ஒருத்தனும் என் வாசப்படிய மிதிக்கலையே! புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணும்யா!"

மறுமுனை என்னவோ சொல்ல வந்தது. இவர் எங்கே கேட்டார்? போனை அணைத்துவிட்டு, கடையையும் திறக்காமல் வீட்டைப் பார்த்து நடந்தார்.

சேதி அவருக்கு முந்தியே போய்ச் சேர்ந்திருந்தது. வாசலில் கூட்டம். பருத்திக் காட்டிலிருந்து பாதி வேலையில் கிளம்பி வந்திருந்த பாலையா துண்டை உதறிக்கொண்டு கத்தினார்.

"நாங்க என்ன கேணப்பயலுகளா? போன வாரம் வந்து சுப்புராஜுக்குப் போடுன்னாக, சரின்னோம். இன்னைக்கு சுந்தரபாண்டிக்குப் போடுங்காக. எங்க ஓட்டு என்ன அவுக அப்பன் வீட்டுச் சொத்தா?"

"ஊருணியத் தூர் வாரித் தாரேன்னு சொன்னீகளே அண்ணாச்சி" என்று மூக்கைச் சிந்தினாள் வெள்ளைத்தாய். "அந்த ஆளுகிட்டப் போயி மறுபடியும் முதல்ல இருந்து கேக்கணுமா? ஒவ்வொருத்தருகிட்டயும் ஒப்பிச்சு ஒப்பிச்சு எங்களுக்கு வாய் வலிக்காதா?"

அப்போதுதான் அவள் பார்வை நிலைப்படிப் பக்கம் போனது. சுப்புராஜின் மனைவி தங்கச்செல்வி அங்கே சாய்ந்து நின்றிருந்தாள்.

"பாவம், ஒரு வார்த்தை பேசாம ஜீப்புல வெயில்ல நின்னு நின்னு இவ முகமே கருத்துப் போச்சு. ஏத்தா, நீ ஒண்ணும் சொல்லலையா?"

தங்கச்செல்வி வாயைத் திறந்தாள்.

"அவ என்னத்தச் சொல்லப்போறா? அவளுக்கு என்ன தெரியும்?" என்றார் சுப்புராஜ். "ஏய், நிக்காத. போயி எல்லாருக்கும் காப்பி போடு."

அவள் போய்விட்டாள். இங்கே வாசலில் சூடு ஏறிக்கொண்டே போனது. கட்சிக்காரர்கள் இனி ஊருக்குள் வரட்டும், பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். ஓட்டே போட வேண்டாம் என்றது ஒரு குரல். கடைசியில் பாலையாதான் வழி சொன்னார்.

"கச்சியாவது கத்திரிக்காயாவது! கச்சி தயவு இல்லாமத் தனியா நில்லுங்க அண்ணாச்சி. நாங்க இருக்கோம்."

"ஆமா, நில்லுங்க!" என்று மொத்தக் கூட்டமும் கூவியது.

சுப்புராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஜனங்களுக்காக உயிரையே கொடுக்கலாம் போலிருந்தது. மார்பைத் தட்டிக்கொண்டார்.

"நிக்கத்தான்யா போறோம்! மனுத்தாக்கலுக்கு இன்னும் நாள் இருக்கு. நாளைக்கே திருச்சுழி யூனியன் ஆபீசுக்குப் போயி மனுவப் போடுறோம். சுந்தரபாண்டிக்கு டெபாசிட்டு கிடைக்குதா பாப்போம்!"

கைதட்டல் தெருமுனை வரை கேட்டது. பாலையா தன் துண்டையே எடுத்து அவர் தோளில் போர்த்தினார். "பிரசிடெண்டு அண்ணாச்சி வாழ்க!" என்று யாரோ ஆரம்பிக்க, மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். காலையிலிருந்து எரிந்த வயிறு இப்போதுதான் அவருக்குக் குளிர்ந்தது.

தங்கச்செல்வி காப்பித் தட்டோடு வந்தாள். "ஏங்க, ஒரு நிமிசம்..."

"எதுவா இருந்தாலும் அப்புறம். காலையில வெள்ளன எந்திரிச்சு அந்தப் பச்சைப் பட்டைக் கட்டிக்கிட்டு ரெடியா இரு. ஆபீசுல கையெழுத்துப் போடணும். நான் காட்டுற இடத்துல போட்டாப் போதும்."

தங்கச்செல்வி தட்டை ஸ்டூலில் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, வெள்ளைத்தாயைப் பார்த்தாள், பாலையாவைப் பார்த்தாள், பிறகு புருசனைப் பார்த்தாள். இத்தனை வருசத்தில் அவள் குரல் வாசலைத் தாண்டிக் கேட்டது அன்றைக்குத்தான்.

"பொம்பளைக்கு ஒதுக்குன பஞ்சாயத்துல நின்னது நான்தானே? என்னைய மாத்திருங்கன்னு கச்சிக்குப் போன் போட்டதும் நான்தான்."