பஞ்சு மார்க்கெட் முக்கில் நாலு நிமிஷம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒன்பதே காலுக்குக் கிளம்பும் தனியார் பஸ், பஞ்சு மார்க்கெட் முக்கில் இன்றைக்கும் நின்றுவிட்டது.

கரண்ட் கட். சிக்னலில் ஒரு விளக்கும் எரியவில்லை. லாரி, சைக்கிள், மாட்டு வண்டி எல்லாம் நாலு பக்கமிருந்தும் ஒரே சமயத்தில் நுழைந்துகொண்டிருந்தன.

டிரைவர் கருத்தையா மட்டும் பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் மைக்கேல் இறங்கிப் போய், நடு ரோட்டில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துக் கையைக் காட்டினால்தான் வண்டி நகரும். அதுவும் நடக்கிற வேகத்தில். நாலு நிமிஷம் போய்விடும்.

பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போனது. அடுத்த ஸ்டாப் கூட்டத்தை இனி அதுதான் அள்ளும்.

"போச்சு," என்றார் பத்திரம் எழுதுகிற சீனிச்சாமி. "பார்ட்டி ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல காத்துக்கிட்டு நிப்பான். ஏம்ப்பா கருத்தையா, இது என்ன சாமி சப்பரமா, முக்குக்கு முக்கு நின்னு போக?"

பின் சீட்டில் ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு நாயனம் வாசித்தார். பஸ்ஸே சிரித்தது.

கருத்தையா திரும்பவில்லை. "லைட் எரியலேன்னா நாலு பக்கத்துக்காரனும் தனக்குத்தான் பச்சைன்னு நெனச்சுக்கிடுதான், அண்ணாச்சி. யாராவது ஒருத்தன் சிவப்புன்னு நெனைக்கணும்லா."

அந்த ஒருத்தன் நான் ஏறுற வண்டிக்குத்தான் வாய்க்கணுமா என்று முனகிக்கொண்டே சீனிச்சாமி பையிலிருந்து பேப்பரை எடுத்தார். வண்டி ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் பஸ் முதலாளிக்கு மனு தயார். பத்திரம் வாசிக்கிற அதே குரலில் வாசித்தும் காட்டினார். 'மேற்படி ஓட்டுநர் மேற்படி முக்கில் மேற்படி வண்டியைக் காரணமின்றி நிறுத்தி, பயணிகளின் நேரத்தைத் தம் அனுபோகத்தில் வைத்திருப்பதால்...'

முப்பத்தெட்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். கத்தரிக்காய்க் கூடையோடு இருந்த ஆவுடையம்மாள் தனக்கு எழுத வராது என்றாள். கைநாட்டு போதும் என்றார்கள். கை வலிக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

மைக்கேல் குனிந்து, இன்னொரு புகார் வந்தால் கருத்தையா அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லியிருப்பதாகச் சீனிச்சாமியின் காதோடு சொன்னான்.

"ஏலே மைக்கேலு, இருபது வருசமா மனு எழுதுதேன். எந்த மனு ஒரு மாசத்துக்குள்ள கண்ணு முழிச்சிருக்கு? சும்மா ஒரு பயம் இருக்கட்டும்னுதான்."

அது சனிக்கிழமை. சாயங்காலமே சீனிச்சாமி முதலாளி வீட்டில் மனுவைக் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமையும் கரண்ட் இல்லை. நிறைமாதமாக இருந்த மகள் கோதைநாயகியை ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மாவிடம் காட்டுவதற்காக, சீனிச்சாமி அவளோடு பஸ் ஸ்டாண்டில் நின்றார்.

ஒரு பஸ் வந்தது. விட்டார். இன்னொன்று வந்தது, பாதி சீட் காலி. அதையும் விட்டார்.

கோதை இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "கால் கடுக்குதுப்பா. இதுல ஏறியிருக்கலாம்லா?"

"வேண்டாம்மா. சிக்னல் எரியலை. இவனுக முக்குல கண்ணை மூடிக்கிட்டு விடுவானுக. புள்ளத்தாச்சியைக் கருத்தையா வண்டியிலதான் ஏத்தணும்."

ஒன்பதே கால் வண்டி வந்தது. மகளைக் கைத்தாங்கலாக ஏற்றி, ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு நிமிர்ந்தார். வண்டி கிளம்பிவிட்டது. டிரைவர் சீட்டில் யாரோ புது ஆள்.

"கருத்தையா எங்கப்பா?"

"நேத்தே நிப்பாட்டிட்டாங்க," என்றான் மைக்கேல், டிக்கெட்டைக் கிழித்தபடி.

சீனிச்சாமி முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தார். பஞ்சு மார்க்கெட் முக்கு தெரிந்தது. வண்டியின் வேகம் குறையவில்லை.

"ஏய், செத்த நிறுத்தச் சொல்லுப்பா. இறங்கிப் பார்த்துட்டு வா. உள்ள புள்ளத்தாச்சி இருக்கா."

மைக்கேல் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"நிறுத்தக் கூடாதுன்னு நீங்க முப்பத்தெட்டு பேர் எழுதிக் குடுத்திருக்கீங்களே, அண்ணாச்சி."