பீங்கான் குழாய்

தோட்டக்கலை அதிகாரி நல்லுசாமி என் தக்காளி இலையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். மற்ற கையில், என் வீட்டுக்காரர் கொடுத்த பீடி புகைந்துகொண்டிருந்தது.

இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாக இருந்தன. அரை ஏக்கரும் அப்படித்தான் கிடந்தது.

என் வீட்டுக்காரர் திம்மராயனுக்குக் காரணம் ஏற்கெனவே தெரியும். ஓசூர் கம்பெனியில் ஷிப்டு முடித்து வந்து, பீடியும் வாயுமாகச் செடிக்குச் செடி பக்கக் கிளை கிள்ளுகிறவர். அவருக்குத் தெரியாததா?

"இவ விலக்கான நாள்ல தோட்டத்துக்குள்ள கால வெச்சிட்டா சார். அதுல இருந்துதான் இப்பிடி."

நான் வைக்கவில்லை. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

நிலம் என் அப்பா எனக்கு எழுதிவைத்தது. இரண்டு மாதமாக நான் வரப்போடு சரி. அதிகாரியும் தலையாட்டிவிட்டால் இனி எந்த நாளிலும் உள்ளே வரக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

நல்லுசாமி தலையாட்டவில்லை. தீட்டும் இல்லை ஒன்றும் இல்லை, இது வைரஸ் என்றார். அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. கொஞ்ச நேரம்தான்.

நூறு வருடத்துக்கு முன்னால் சீமையில் புகையிலைக்கு இதே நோய் வந்ததாம். நோய் கண்ட இலையை அரைத்து, சாற்றைப் பீங்கான் குழாயில் வடிகட்டினார்களாம். பாக்டீரியாகூட நுழைய முடியாத குழாய். வடிந்த சாற்றை நல்ல செடியில் தடவினால், அதற்கும் நோய் வந்துவிட்டதாம். பாக்டீரியாவைவிடச் சின்னதாக ஏதோ ஒன்று இருப்பது அப்படித்தான் பிடிபட்டதாம்.

அதற்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. வெளியே கிடந்தால் வெறும் தூசி. இலைக்குள் புகுந்துவிட்டால் இலையையே வேலை வாங்கி, தன்னைப் போல ஆயிரமாயிரம் செய்துகொள்ளுமாம்.

வீட்டுக்குள் வந்தால் உட்கார்ந்த இடத்தில் அடுத்தவரை வேலை வாங்குகிறவரோடு பத்து வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

பேசிக்கொண்டே அதிகாரி ஒவ்வொரு செடியாக இலை கிள்ளிக் காட்டினார். என் வீட்டுக்காரரும் கூடவே கிள்ளிக்கொண்டு போனார்.

வரப்பில் நின்றபடியே கேட்டேன். "அந்தத் தூசி எத்தினி நாளைக்குங்க சார் இருக்கும்?"

"காஞ்ச பொகயிலைல வருசக்கணக்கா இருக்கும்மா. பீடி புடிச்ச கையால செடியத் தொட்டாலே போதும், ஒட்டிக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. தன் விரலைப் பார்த்தார். என் வீட்டுக்காரரின் விரலையும் பார்த்தார். பீடியை மெதுவாகக் கீழே விட்டுச் செருப்பால் தேய்த்தார்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஆய்வு முடிவை ஓர் அட்டையில் எழுதி, உரக்கப் படித்தும் காட்டினார். சுத்தக் குறைவுதான் காரணமாம். பெண்கள் தோட்டத்துக்குள் போகாமல் இருப்பது நல்லதாம்.

திம்மராயனுக்குப் பல்லெல்லாம் தெரிந்தது. நான் வீட்டுக்குப் போய் இரண்டு பேருக்கும் சாப்பாட்டு இலை போட்டேன்.

களியும் தக்காளிக் குழம்பும். இரண்டு பேரும் மூன்று முறை கேட்டு வாங்கினார்கள். அதிகாரி விரலை நக்கிக்கொண்டே கேட்டார்.

"எந்த ஊரு தக்காளிம்மா இது? ராயக்கோட்டை சந்தையா?"

"நம்ம வீட்டுதுதாங்க."

திம்மராயன் நிமிர்ந்து பார்த்தார்.

அதே நாற்றில் மிச்சமான பன்னிரண்டு செடி. மாதாமாதம் வீட்டுக்கு விலக்கான மூன்று நாளும் என்னை உட்காரவைக்கிற கொட்டகைக்குப் பின்னால், குளிக்கிற தண்ணீர் பாயும் இடத்தில் நட்டிருந்தேன். கிள்ளியது, கட்டியது, பழம் பறித்தது எல்லாம் அந்த மூன்று நாட்களில்தான். ஓர் இலையில்கூடத் திட்டு இல்லை.

பீங்கான் குழாய்க்கு நான் எங்கே போவேன்? அந்தக் கொட்டகையைத் தாண்டி இதுவரை எந்த ஆம்பிளையும் வந்ததில்லை, எந்தப் பீடியும் வந்ததில்லை.

இதை அப்படியே சொன்னேன். நாளையிலிருந்து தோட்டத்துக்குள் நான்தான் போவேன், பீடி வரப்போடு நின்றுகொள்ளட்டும் என்றும் சொன்னேன்.

அதிகாரி அட்டையை எடுத்து நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். திம்மராயன் வாயில் இருந்ததை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

நான் இன்னொரு கரண்டி ஊற்றினேன்.