கைப்பிடி இந்தப் பக்கம்

"எந்தக் கையால நீட்டறே?"

ஹெட் கிளார்க் பாலசுப்பிரமணியம் கேட்ட பிறகுதான் இருதயநாதனுக்கு உறைத்தது. காகிதத்தோடு நீட்டியிருந்தது இடது கை. பதறிப் போய் வலது கைக்கு மாற்றினான். காகிதம் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடி நீட்டினான். பாழாய்ப் போன கை, மறுபடியும் இடது!

"சோத்துக்கையால குடுக்கத் தெரிஞ்சப்புறம் வா. போ!"

இது மூன்றாவது தடவை.

அந்தமானில் மாயாபந்தர் ஜெட்டியில், அதாவது கப்பல் துறையில், கப்பலுக்குக் கயிறு பிடிக்கிற வேலை அவனுக்கு. அஞ்சு வருஷமாகத் தற்காலிகம். அந்தக் காகிதம் ஹெட் கிளார்க் கையெழுத்தோடு திங்கட்கிழமைக் கப்பலில் போர்ட் பிளேர் போய்ச் சேர்ந்தால் நிரந்தரம். சேராவிட்டால் மாசக் கடைசியோடு வேலையும் போச்சு, குடியிருக்கிற கொட்டகையும் போச்சு.

"சாப்பிடறப்ப வலது கை வருதில்ல? சர்ச்சுல சிலுவை போடறப்ப வருதில்ல?" என்று பொரிந்தாள் மனைவி ரோசலின். "அந்த ஆளு முன்னாடி மட்டும் என்ன கேடு?"

"அதான் எனக்கும் புரியல. அவரைப் பார்த்தாலே எது எந்தக் கைன்னு குழம்பிப் போயிடுது."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் தூண்டிலோடு ஜெட்டிக்குக் கிளம்பினான்.

அது சாதாரணத் தூண்டில் இல்லை. கப்பல் இன்ஜினியர் ஒருத்தர் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன, ரீல் வைத்த கம்பு. நூல் சுற்றுகிற கைப்பிடி இடது பக்கம் இருந்தது. ஜெட்டியில் அத்தனை பேரும் வாங்கிப் பார்த்தாயிற்று. மீனைப் போய்ப் பீச்சாங்கையால் இழுப்பதா, விளங்குமா என்று கம்பையே தலைகீழாகத் திருப்பி, கைப்பிடியை வலது பக்கம் கொண்டுவந்து சுற்றினார்கள். நூல் சிக்கிக் காக்கைக் கூடு ஆனது. "ரீல் கராப் ஹை", ரீல் கெட்டுப் போச்சு, என்று இந்தியில் தீர்ப்புச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இருதயநாதனுக்கு மட்டும் அது சொன்னபடி கேட்டது. அன்றிலிருந்து தமிழர், தெலுங்கர், வங்காளி எல்லாருக்கும் அவன் 'உல்டா நாதன்', தலைகீழ் நாதன்.

இரையிலும் அவன் உல்டாதான். இறால் கிடையாது, கணவாய் கிடையாது. ரோசலினின் பழைய கரண்டியின் காம்பை வெட்டிவிட்டு, தூண்டில் முள்ளும் சேவல் இறகும் கட்டியிருந்தான். "என்ன, மீனுக்குச் சோறு பரிமாறப் போறியா?" என்று கேட்காத ஆள் இல்லை. தண்ணீருக்குள் அது மினுங்கிக்கொண்டு வருவதைக் குட்டி மீன் என்று நினைத்துப் பெரிய மீன் பாயும். அது இவனுக்குத் தெரியும், மீனுக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியவில்லை.

வீசினான். நாலு சுற்று சுற்றியிருப்பான். பின்னால் செருப்புச் சத்தம்.

ஹெட் கிளார்க்!

ஐயோ, இங்கேயுமா? இருதயநாதன் சட்டென்று கம்பைத் தலைகீழாகப் புரட்டி, வலது கையால் சுற்ற ஆரம்பித்தான். அந்த நேரம் பார்த்தா மீன் பாய வேண்டும்? ஒரே வெட்டு. நூல் சிக்கியது, அறுந்தது. மீனும் போச்சு, கரண்டியும் போச்சு.

"ஏண்டா மாத்தினே?" கத்தினார் ஹெட் கிளார்க்.

"சோத்துக்கையால... சுத்தலாம்னு... சார்."

"நல்ல மீனைக் கெடுத்தியே, மடையா!"

இருதயநாதனுக்குத் தலை சுற்றியது. இடது கையால் கொடுத்தாலும் திட்டு, வலது கையால் இழுத்தாலும் திட்டு. எந்தக் கையை வைத்துக்கொண்டுதான் பிழைப்பது?

"வேற கரண்டி இருக்கா?"

"இருக்கு சார்."

"கட்டு. கம்பை இப்படிக் குடு."

கொடுத்தான். எந்தக் கையால் கொடுத்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை. நல்லவேளை, அவரும் கவனிக்கவில்லை. அவர் ஜெட்டியை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் இல்லை.

வீசினார். அவருடைய இடது கை கைப்பிடியைப் பிடித்தது. அடேயப்பா! நேற்றுப் பழகிய கை மாதிரியா இருந்தது அது? நிறுத்தி, இழுத்து, விட்டு, மறுபடி சுற்றி, மூணு கிலோ பாரை மீனை மேலே கொண்டுவந்து போட்டார். வாய்விட்டுச் சிரித்தார். அஞ்சு வருஷத்தில் அவர் பல்லை இருதயநாதன் பார்த்தது அன்றைக்குத்தான்.

"சார், நீங்களும் பீச்சாங்..." நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"சேச்சே! யார் சொன்னா? கைப்பிடியை இந்தப் பக்கம் வச்சுத் தொலைச்சிருக்கான். நான் என்ன பண்றது?"

சொல்லிக்கொண்டே மீன் வழுவழுப்பைக் கைக்குட்டையில் துடைத்தார். இடது உள்ளங்கையில் குறுக்கே ஒரு தழும்பு.

"என்ன சார் இது?"

ஹெட் கிளார்க் கையை மூடிக்கொண்டார்.

"ஏழு வயசுல, ஸ்லேட்டுல இந்தக் கையால எழுதிட்டேன். எங்கப்பா கம்பியைக் காய்ச்சி இழுத்துட்டார்."

இருதயநாதனுக்குப் பரிதாபமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் வந்தது.

"சூடு பட்ட நீங்களே என் காகிதத்தை மூணு தடவை திருப்பி அனுப்பலாமா சார்?"

"நீ அந்தக் கையை நீட்டினா, எங்கப்பா பின்னாடி வந்து நிக்கற மாதிரி இருக்குப்பா." அவர் குரல் இறங்கிவிட்டது. "நாளைக்குக் காலையில வா. கப்பல் கிளம்பறதுக்குள்ள கையெழுத்துப் போட்டுடறேன். எந்தக் கையால வேணும்னாலும் குடு."

நாலு அடி நடந்தவர் திரும்பி வந்தார்.

"ஆனா, உள்ள வந்ததும் கதவைச் சாத்திடு."