வெறுங்கம்பி

மூழ்கடித்த கப்பல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடியைக் கம்பியில் கட்டிக்கொண்டுதான் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் துறைமுகத்துக்குத் திரும்பும். அப்படியொரு நீர்மூழ்கிப் படகில் கொடி தைப்பவன் ஓட்மார். ஐந்தாவது பயணத்திலும் அவனுக்கு வேலை வரவில்லை. தலைக்குமேல் குண்டுகள் வெடித்தபோதெல்லாம் கேப்டன் படகைக் கடலடியில் அசையாமல் கிடத்தி, எல்லோரையும் காப்பாற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"வெறுங்கம்பியோட போனா கரையில சிரிப்பாங்க, கேப்டன்" என்றான் ஓட்மார்.

"எல்லாரையும் சட்டையக் கழட்டச் சொல்லு. ஆளுக்கு ஒண்ணு கட்டு."

ஒரு சட்டைகூடக் குறையவில்லை. கரையில் வரவேற்க நின்ற வாத்தியக்காரர்கள் வாசிப்பதை நிறுத்தினார்கள். அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். ஓட்மார் முதன்முறையாக நெஞ்சை நிமிர்த்தி நின்றான். கூட்டத்தில் அவன் மனைவி, ஒரு சட்டையின் முழங்கையில் தான் கோணலாகப் போட்ட, அவன் இன்னும் பிரித்துத் தைக்காத சிவப்பு ஒட்டுத்துணியைக் கண்டு, அழுதுகொண்டே சிரித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.