முப்பத்தொன்பது தொப்பி

"இறங்குங்கம்மா, எல்லாரும் வெயில்ல..."

"நிக்கட்டுமே, நானா நிக்கச் சொன்னேன்? கூட்டிக்கிட்டுப் போயேன்..."

"உங்களை விட்டுட்டுப் போக முடியாதும்மா, அதைத்தானே அரை மணி நேரமா..."

"அரை மணியா? பத்து நிமிஷம். கடிகாரம் நானும் கட்டியிருக்கேன்."

கைடு பெண் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். மலையடிவாரத்தில் பஸ் நின்றிருந்தது. கீழே மஞ்சள் தொப்பி போட்ட முப்பத்தொன்பது பேர், குகைக் கோயிலுக்கு ஏறும் படிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பதாவது தொப்பி அந்த அம்மாளின் மடியில் கிடந்தது.

"முன்னூத்துப் பன்னிரண்டு படிதாம்மா. உக்காந்து உக்காந்து ஏறலாம். ஒரே பாறையைக் குடைஞ்சு செஞ்ச கோயில். தூணு, யானை, சாமி எல்லாம் அதே பாறை..."

"போன மாசமும் இதையேதான் சொன்னே. அதுக்கு முந்தின மாசமும். எனக்கு மனப்பாடம். அந்த மைக்கைக் கொடு, நான் சொல்றேன்."

கீழே யாரோ சிரித்தார்கள். கைடுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஒருநாள் சுற்றுலாவுக்கு அந்த அம்மாள் வருவது இது நான்காவது தடவை. ஒரு தடவைகூட ஒரு படி ஏறியதில்லை. கேட்டால் முழங்கால் வலி என்பார். ஆனால் காலையில் டீ குடிக்க நிறுத்திய இடத்தில், எல்லாருக்கும் முன்னால் ஓடிவந்து ஏறி உட்கார்ந்ததும் அவர்தான்.

இரண்டாவது வரிசையில் நடைபாதை ஓர இருக்கை. ஜன்னல் ஓரம் கொடுத்தாலும் வேண்டாமென்று சண்டை போட்டு அதைத்தான் வாங்குவார். அங்கிருந்து மலையும் தெரியாது, மரமும் தெரியாது. ஓட்டுநரின் தலைக்கு மேல் மாட்டியிருக்கும் கண்ணாடிதான் தெரியும்.

"போன தடவை வரைக்கும் நான் கண்டுக்கலை. இப்போ ஆபீஸ்ல புது ரூல் போட்டுட்டாங்க. நிக்கிற பஸ்ஸுல பயணிங்க யாரும் இருக்கக் கூடாது. குகை வாசல்ல நாப்பது தொப்பியும் தெரியற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பணும். ஒண்ணு குறைஞ்சாலும் என் வேலைக்கு வேட்டு."

"இந்தா." அம்மாள் தொப்பியை நீட்டினார். "உன் தலையில போட்டுக்கிட்டு நீயும் நில்லு. நாப்பது ஆச்சு."

"விளையாடாதீங்கம்மா! சாமி மேல அப்படி என்னதான் கோபம்?"

"கோபமும் இல்லை, தாபமும் இல்லை. முன்னூறு படி ஏறி வந்து கேட்டாத்தான் தருவேன்னு உக்காந்திருக்கிற சாமிகிட்ட நான் எதையும் கேக்கறதா இல்லை. அவ்வளவுதான்."

ஓட்டுநர் இந்தப் பக்கமே திரும்பாமல், ஒரு எவர்சில்வர் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கைடு அவரிடம் முறையிட்டாள்.

"அண்ணே, நீங்களாவது சொல்லுங்களேன்."

"நான் சொன்னா கேக்கற ஆளா?" என்றார் அவர், டப்பாவைப் பார்த்தே.

"பன்னிரண்டரைக்கு நடை சாத்திடுவாங்க! கடைசியாக் கேக்கறேம்மா. இப்போ இறங்கலைன்னா உங்க பேரை ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துடுவேன். அப்புறம் இந்தப் பஸ்ஸுல உங்களுக்கு டிக்கெட்டே கிடையாது."

அப்போதுதான் அம்மாளின் முகம் மாறியது. முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எழுதிக்கோ. வேற பேருல வருவேன். மூக்குத்தியைக் கழட்டிட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டு வருவேன். உன்னால ஆனதைப் பாரு!"

கைடு இதற்குமேல் பொறுக்கவில்லை. பயணிகள் படிவத்தைப் புரட்டினாள். 'அவசரத்துக்கு அழைக்க' என்ற இடத்தில் அம்மாளின் கணவர் எண் இருந்தது. அழைத்தாள், நடந்ததைச் சொன்னாள், போனை அம்மாளிடம் நீட்டினாள்.

"சார் உங்ககிட்டப் பேசணுமாம்."

காதில் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் குரல் பஸ் முழுக்கக் கேட்டது.

"என்னடி கூத்து இது? மாசாமாசம் கோயில் கோயில்னு கிளம்பறே, கோயிலுக்குள்ளயே போறதில்லையாமே?"

அம்மாள் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"காது கேக்குதா இல்லையா? இன்னையோட உன் கோயில் குளம் எல்லாத்துக்கும் ஒரு முழுக்கு. இனிமே வாசப்படி தாண்டினே, தெரியும் சேதி!"

அம்மாள் எழுந்து நின்றார். முழங்கால் வலிக்காரர் எழுந்த மாதிரி இல்லை.

"உங்களுக்குப் பிடிக்காத ஒரு கல்யாணம் நடந்துச்சு. அதுக்காக ரெண்டு வருஷமா வீட்டுல ஒரு பேரைச் சொல்லக் கூடாதுன்னீங்க. சொல்லலை. சுவத்துல இருந்த போட்டோவைக் கழட்டுன்னீங்க. கழட்டினேன். வாயைத்தான் கட்டினீங்க, காலையும் கட்டணுமா?"

"பேச்சை மாத்தாதே! கோயிலுக்குப் போற படியை விட்டுட்டு, அந்தப் பஸ்ஸுல அப்படி என்னதான் வச்சிருக்கே?"

ஓட்டுநரின் கை டப்பாவுக்குள்ளேயே நின்றுவிட்டது. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவர் கண்கள் அம்மாளைப் பார்த்தன. வேண்டாம் என்பதுபோல் தலை மெல்ல ஆடியது.

அம்மாள் போனை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, இரண்டு எட்டு முன்னால் வைத்தார்.

"உங்க பிள்ளை சாப்பிட்டுக்கிட்டிருக்கான். போனைக் கொடுக்கட்டுமா?"