மல்லிகையா, ரோஜாவா?

"கையை நீட்டு புள்ள. அட, சும்மா நீட்டுங்கிறேன்!"

அய்யாவு மடியிலிருந்து சுண்டுவிரல் நீளக் குப்பி ஒன்றை எடுத்தான். பேச்சியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க அது?"

"அத்தர்! ஜொகூர் பாருல ஒரு பாய் கடையில வாங்கினேன். சாயங்காலம் கங்காணி மக கல்யாணத்துக்கு நீ மணக்க மணக்க வர வேணாமா?"

அய்யாவு மலாயாவில், செடெனாக் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மாட்டுவண்டி ஓட்டுபவன். கல்யாணமாகி மூன்றே மாதம். ரயிலை விட்டு இறங்கியதும் மாட்டுக் கொட்டகைக்குப் போய், காளையின் கழுத்துப் புண்ணுக்கு வாங்கி வந்த குப்பி மருந்தைப் பூசிவிட்டு, நேரே பெண்டாட்டியிடம் ஓடி வந்திருக்கிறான். ஆசை ஆசையாக அத்தர் வாங்கி வரும் புருஷன் எத்தனை பேருக்கு வாய்ப்பான்? வேறொருத்தியாக இருந்தால் இந்நேரம் லயத்து வீடுகள் முழுக்கத் தண்டோரா போட்டிருப்பாள்.

பேச்சியம்மாள் பாடு வேறு. இரண்டு வருசத்துக்கு முன்னால் தோட்டம் தோட்டமாக வாரிக்கொண்டு போன விஷக் காய்ச்சலில் அவள் உயிர் பிழைத்ததே பெரிய காரியம். ஆனால் மூக்கு செத்துப்போயிற்று. பூவும் ஒன்றுதான், சாணியும் ஒன்றுதான்.

"மாப்பிள்ளை காதுல மட்டும் விழுந்துச்சு, குறையை மறைச்சுக் கட்டி வச்சிட்டாங்கன்னு உன்னைத் திருப்பிக் கொண்டாந்து விட்டுருவாரு. வாயைத் திறந்துடாதே தாயி" என்று பிறந்த ஊரான பெக்கான் நானாஸிலிருந்து அனுப்பும்போதே அப்பா சொல்லி அழுதிருந்தார்.

அன்றிலிருந்து அவள் பயந்து பயந்துதான் சமைக்கிறாள். போன வாரம்கூட ஊசிப்போன குழம்பை ஊற்றிவிட்டாள். பாவம், மனுசன் முகம் சுளிக்காமல் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். இப்படியொரு தங்கமான மனுசனை விட்டுவிட்டு அப்பன் வீட்டுக்குத் திரும்பிப் போவதா? நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

அய்யாவு அவள் மணிக்கட்டில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்தான். எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது.

"மோந்து பாரு. என்ன பூன்னு கேட்டா பாய் சொல்ல மாட்டேங்கிறாரு. 'உன் வீட்டுக்காரியே மோந்து சொல்லட்டும் தம்பி'ன்னு சிரிக்கிறாரு."

அந்தப் பாய்க்கு வேறு வேலையே இல்லையா!

"நீங்களே சொல்லுங்களேன்."

"நல்லாயிருக்கே! பூசிக்கிட்டவ நீ, சொல்றது நானா?"

"வாங்கிட்டு வந்தவங்கதானே முதல்ல சொல்லணும்?"

"பூவு சங்கதியெல்லாம் பொம்பளைங்களுக்குத்தான் தெரியும். சொல்லு புள்ள, சொல்லு."

இனித் தப்ப வழியில்லை. மாரியம்மனை வேண்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, மணிக்கட்டை மூக்கில் வைத்து இழுத்தாள். மல்லிகையா, ரோஜாவா? காற்றுதான் வந்தது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"மல்லிகை."

அய்யாவு அவள் கையைப் பிடித்துத் தன் மூக்கருகே கொண்டுபோனான்.

"மல்லிகையேதான்! எப்படி புள்ள கரெக்டா சொன்னே?"

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது.

"ஆனா ஒண்ணு" என்றான் அய்யாவு. "குப்பியில இருக்கிறப்ப ஒரு வாசமாம், மேல பூசி உடம்புச் சூடு ஏறினா வேற வாசமாம். ஆளுக்கு ஆள் மாறுமாம். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் மோந்து பாக்கணும்னு பாய் சொன்னாரு."

இதென்னடா கூத்து! ஒரு கண்டம் தப்பினால் இன்னொன்றா? சேலை மாற்றி, தலை வாரி முடிப்பதற்குள் அவன் வந்து நின்றுவிட்டான்.

"இப்ப எப்படி இருக்கு?"

"இப்ப... லேசா சந்தனம் கலந்தாப்புல இருக்குங்க."

"அதேதான்! நானும் அதையேதான் நினைச்சேன்!" என்று அய்யாவு துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

பேச்சியம்மாளுக்குத் தைரியம் வந்துவிட்டது. இனி எந்தப் பூ வந்தாலும் ஒரு கை பார்த்துவிடலாம்! பிடரியில் பூசினாள், முந்தானையில் தடவினாள். மிச்சத்தை அய்யாவு தன் கழுத்திலும் நெஞ்சிலும் தாராளமாகத் தேய்த்துக்கொண்டான்.

"பேச்சி, கிளம்பியாச்சா?" என்று கேட்டபடி பக்கத்து வீட்டு ராசம்மா வாசற்படியில் காலை வைத்தாள். வைத்த வேகத்தில் பின்வாங்கி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அடியாத்தே! கல்யாணத்துக்குப் போறீங்களா, இல்ல சிரங்குக்கு வைத்தியம் பாக்குறீங்களா? ரெண்டு பேர் மேலயும் வேப்பெண்ணெய் நாத்தம் குப்புனு அடிக்குதே! அங்க கொட்டகையில பாத்தா, உங்க காளை ரோஜா அத்தர் பூசிக்கிட்டுப் புது மாப்பிள்ளை கணக்கா நிக்குது!"

பேச்சியம்மாள் மணிக்கட்டை முந்தானையில் துடைத்தாள். குட்டு உடைந்தது. இனிப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கண்ணில் நீர் முட்ட, மெதுவாகத் தலையை நிமிர்த்திப் புருஷனைப் பார்த்தாள்.

அய்யாவு முகம் வெளிறி, அவள் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டான்.

"உங்கப்பா வீட்டுக்குப் போயிடாதே புள்ள! பொண்ணு பாக்க வந்தப்பவே சொல்லியிருக்கணும், தப்புதான். ரெண்டு வருசத்துக்கு முன்னால வந்த அந்த விஷக் காய்ச்சல்ல எனக்கு மூக்கே போயிடுச்சு!"

"எனக்கும்தாங்க!" என்று பேச்சியம்மாள் போட்ட சந்தோஷக் கூச்சலில், ராசம்மா மூக்கைப் பொத்தியிருந்த முந்தானையை நழுவவிட்டாள்.