சத்தம் போடும் கொக்கி

"இன்னொரு தடவை மூடுப்பா!" என்றார் லாயிட்.

டுவெய்னுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. காலை பத்து மணிக்குக் கடைக்குள் நுழைந்த மனுஷன். இப்போது மணி பன்னிரண்டரை. இது நான்காவது கொக்கி.

பிக்கப் வண்டியின் பின்தட்டில் பொருத்தி, வீடு மாதிரியான கேம்பரை இழுத்துப் போகிற கொக்கி. ஐந்தாம் சக்கரம் என்று பெயர். சக்கரம் மட்டும் மருந்துக்கும் கிடையாது. கேம்பரின் கழுத்திலிருந்து தொங்கும் முளையை இரண்டு இரும்புத் தாடைகள் கவ்விப் பிடிக்கும். அவ்வளவுதான் சங்கதி. டல்சா நகரத்துப் பக்கம் இதை வாங்க வருகிறவர்கள் அரை மணியில் முடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

செய்முறைக்கு வைத்திருந்த முளையை டுவெய்ன் தாடைக்குள் தள்ளினான். அது அடக்கமாக மூடிக்கொண்டது.

"பாத்தீங்களா சார்? பூனை நடக்கற மாதிரி! இதுக்காகவே இதை வாங்கறாங்க."

லாயிட் பார்க்கவே இல்லை. கொக்கிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றார்.

"ஆங்? என்ன சொன்னே?"

"சத்தமே வராதுன்னு சொன்னேன்!" தொண்டை கிழியக் கத்தினான் டுவெய்ன்.

"அதான் பிடிக்கலை. சத்தம் போடற கொக்கி இருக்கா?"

காபிக் கோப்பையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி வெர்னா சிரித்துவிட்டாள்.

"கத்தாதே தம்பி, உன் தொண்டைதான் போகும். போன கோடையிலேர்ந்து இவர் காது டமாரம். அதனால வந்த வினையைக் கேளேன். ஆர்கன்சாஸ்ல முகாமை விட்டுக் கிளம்பறோம். 'பூட்டலை, நிறுத்து'ன்னு நான் கத்தறேன். இவர் பாட்டுக்கு வண்டியை எடுத்துட்டார். அம்மாம் பெரிய கேம்பர், பிக்கப் மேலேயே தொம்முனு உட்கார்ந்துடுச்சு! நாற்காலி போட்டு வேடிக்கை பாத்துட்டிருந்த ஜனம் மொத்தமும் எழுந்து நின்னுடுச்சு. மானம் போச்சு!"

லாயிட் அடுத்த கொக்கியைக் கைகாட்டினார்.

"இது ரொம்ப சுலபம் சார்!" டுவெய்ன் மறுபடி கத்தினான். "பூட்டிட்டா பச்சை தெரியும். பூட்டலைன்னா சிவப்பு!"

"வேண்டாம்."

"ஏன் வேண்டாம்? நான் பாத்துச் சொல்றேனே!" என்றாள் வெர்னா. "முப்பது வருஷமா கொக்கியைப் பாத்துக் குரல் கொடுக்கறது நான்தானே?"

"பச்சை, சிவப்பு ஒண்ணும் வேண்டாம்."

டுவெய்னுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காது போனது இவருக்கு. நம்பாதது பெண்டாட்டியின் வாய்வார்த்தையை! நல்ல நியாயம்.

கிடங்குக்குப் போய், யாரும் சீந்தாமல் கிடந்த ஒரு பழைய மாதிரியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். அதன் கைப்பிடியே ஒரு முழம் இருந்தது. முளையைத் தள்ளினான்.

'டணார்!'

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெர்னாவின் காபி சிந்தியது.

"இதுதான்!" என்றார் லாயிட், திரும்பாமலே. பிறகு திரும்பி, "வெர்னா, வந்து இந்தக் கைப்பிடியைப் பிடிச்சுப் பாரு. பூட்டினதும் உள்ளே மடங்குதா?"

அவள் தடவிப் பார்த்தாள். "மடங்குது. இதைக் கண்ணை மூடிட்டே சொல்லலாமே!"

"அப்போ சரி. பில் போடு தம்பி."

வெர்னா கை கழுவப் போனாள். போகிற வழியில் அடுக்கி வைத்திருந்த டயர்களில் இடித்துக்கொண்டு, "இதை யாரு நடுவழியில வெச்சது?" என்று கடிந்துகொண்டாள்.

டுவெய்ன் குனிந்து பில் எழுதத் தொடங்கினான். எரிச்சல் அடங்கவில்லை. இவருக்கு எங்கே கேட்கப்போகிறது என்ற தைரியத்தில் முணுமுணுத்தான்.

"செவிட்டுக் கிழத்தோட ரெண்டரை மணி நேரம் போச்சு. காதுக்கு ஒரு மெஷின் வாங்கி மாட்டித் தொலைச்சா என்னவாம்? பாவம் அந்தம்மா."

"மெஷின் வேண்டாம் தம்பி," என்றார் லாயிட், தணிந்த குரலில். "நீ முணுமுணுக்கறதே நல்லாக் கேக்குது."

டுவெய்னின் பேனா நின்றது.

"அன்னிக்கு அவ 'பூட்டிடுச்சு, போலாம்'னுதான் சொன்னா. தெளிவாக் கேட்டுச்சு. கேம்பர் சரியறப்போதான் 'நிறுத்து'ன்னு கத்தினா. நான் அதைப் பிடிச்சுக்கிட்டேன். 'நீ முன்னாடியே கத்தியிருக்கே, எனக்குத்தான் காதுல விழலை'ன்னுட்டேன். இருந்த பதட்டத்துல அவளும் நம்பிட்டா."

"சார்..."

"அவளுக்குக் கண் மங்கிட்டே வருதுப்பா. டாக்டர்கிட்ட போலாம்னா, கண்ணாடிதான் சரியில்லைங்கறா. கேம்பர் விழுந்தது தன்னாலன்னு தெரிஞ்சா அப்புறம் வண்டியிலேயே ஏற மாட்டா. இன்னும் ஓரிகன் கடலைப் பாக்கலை அவ. பார்வை இருக்கறப்பவே கூட்டிட்டுப் போயிடணும்."

டுவெய்னுக்கு முகம் சுண்டிப்போயிற்று. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அதற்குள் கதவு திறந்தது.

"லாயிட்! பில் போட்டாச்சா?" என்றாள் வெர்னா.

"ஆங்?" என்று காதருகே கையைக் குவித்தார் லாயிட்.

டுவெய்ன் முந்திக்கொண்டான். "பில் போட்டாச்சான்னு கேக்கறாங்க சார்!" என்று கடையே அதிரக் கத்தினான்.